சிவப்புக் கைக்குட்டைக்காரர்

என் தாய்மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் மடித்து வைக்கப்பட்டிருந்த சிவப்புக் கைக்குட்டையை பேண்டுக்காரர்களுக்கே உரிய அலங்காரம் என்றுதான் எங்கள் குடும்பம் நம்பியிருந்தது. ராயபுரத்தில் ட்ரம்பெட் வாசிக்கிற மனிதருக்கு அந்த அளவு மிடுக்குக்கூட இல்லாவிட்டால் எப்படி என்று அம்மா சொல்வாள். ஊர்வலத்தில் ஒரு பாட்டு முடிந்ததும் அவர் கருவியை இடக்கைக்கு மாற்றுவார். வலக்கையால் கைக்குட்டையை ஒரே உதறலில் விரித்து, உதடுகளை ஒற்றி, மறுபடியும் நான்காக மடித்துப் பைக்குள் செருகுவார். அந்த உதறலைப் பார்ப்பதற்கென்றே தெரு முனையில் வந்து நிற்கிறவர்கள் இருந்தார்கள். அத்தை அவருடைய கைக்குட்டைகளை மட்டும் தனி வாளியில் ஊறவைப்பாள். தண்ணீர் சிவந்து வருவதைப் பார்த்து, மலிவுத் துணி, சாயம் போகிறது என்று அவளும் நம்பினாள்.

அது சாயம் அல்ல என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. எதையும் பூசி மறைக்கக் கூடாது என்பதை வாழ்நாள் முழுவதும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். அவரிடத்தில் மறைவு ஒன்று இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே படகுகளையும் இழுவைக் கப்பல்களையும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. கரையேற்றிய கப்பலின் அடிப்பாகத்தில் அப்பியிருக்கும் சிப்பியையும் துருவையும் கொத்திச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு பெயின்ட் அடிப்பது அவருடைய தொழில். பேண்டு மாலை நேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உரியது. இரண்டில் எது தொழில், எது உயிர் என்று கேட்டால் அவர் பதில் சொல்லமாட்டார். ஆனால் பட்டறைக்கு ஒரு நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறார், ஊர்வலத்துக்கு ஒருபோதும் சொன்னதில்லை.

"மொதல்ல சொரண்டு, அப்பால பூசு" என்பது அவருடைய வாய்ச்சொல். கப்பலுக்கு மட்டும் என்றில்லை. எங்கள் பங்குக் கோயிலில் யாராவது மனஸ்தாபத்தோடு கை குலுக்கினாலும், வீட்டுச் சுவரின் ஈரத்தின் மேல் யாராவது சுண்ணாம்பு அடித்தாலும், அதே சொல்தான்.

திருவொற்றியூரில் என் வீட்டு இரும்புக் கேட்டுக்கு அவர் பெயின்ட் அடிக்க வந்தது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பள்ளி நூலகத்தில் வேலை முடிந்து நான் வரும்போது கேட்டுக்கு முன் குந்தி உட்கார்ந்து, விரல் நகத்தால் அதைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்ணு, போன வருசம் எவன் அடிச்சான் இதுக்கு?"

"தெருக்கோடியிலிருந்து ஒருத்தர் வந்தார் மாமா. ஒரே நாளில் முடித்துவிட்டார்."

"முடிப்பான். இன்னாத்துக்கு முடிக்கமாட்டான்? அவன் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கல. துருவுக்குப் போர்வ போத்திட்டுப் பூட்டான்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கேட்டோடு போராடினார். கடற்காற்று தின்ற இரும்பு, செதில் செதிலாக உதிர்ந்தது. மூன்றாம் வாரம் பார்த்தால் கேட்டின் அடிப்பட்டையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள். எனக்குக் கோபம் வந்தது.

"என்ன மாமா இது? சுரண்டிச் சுரண்டி ஓட்டை போட்டுவிட்டீர்களே!"

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நான் போடல கண்ணு. ஓட்ட அங்கியேதான் கெடந்துச்சு. பெயின்ட் மூடிகினு இருந்துச்சு, நான் காட்டிட்டேன். காட்டுனவன் மேல கோவப்பட்டா ஓட்ட அடையுமா?"

அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. மறக்காமல் இருந்தது நல்லதாயிற்று.

எங்கள் குடும்பத்தின் இன்னொரு நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வம்சத்துக்குப் பல் நிற்காது. சில குடும்பங்களில் தலை சீக்கிரம் வழுக்கையாகும், சில குடும்பங்களில் எல்லாரும் உயரமாக இருப்பார்கள், எங்களுக்குப் பல். என் அம்மா நாற்பத்து நான்கு வயதில் இருந்த பற்களையெல்லாம் ஒரே மாதத்தில் எடுத்துவிட்டுப் பொய்ப்பல் செட் கட்டிக்கொண்டாள். என் பெரிய மாமாவும் அப்படியே. பல் துலக்கும்போது இரத்தம் வருவதை எங்கள் வீட்டில் யாரும் நோய் என்று எண்ணியதில்லை. வயது என்று எண்ணினோம். ஆடத் தொடங்கிய பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் வந்துட்ச்சிபா" என்று கல்யாண வீட்டில் சிரித்தபடி சொல்வார்கள். அதில் சிறிதும் வெட்கம் இல்லை. பரம்பரைச் சொத்து கைக்கு வந்துசேர்ந்த தோரணைகூட இருந்தது.

மாமாவால் மட்டும் அப்படிச் சிரிக்க முடியவில்லை. அவருடைய பேண்டில் அவருக்கு முன் ட்ரம்பெட் வாசித்தவர் செட் கட்டிக்கொண்ட மறுமாதமே கருவியை இறக்கி வைத்துவிட்டுப் பெரிய டிரம்முக்குப் போய்விட்டார். ட்ரம்பெட்டின் வாய்ப்பகுதி மேலுதட்டின் மேல் பதிகிறது. உதட்டுக்குப் பின்னால் முன்பற்கள் சுவர்போல் நிற்க வேண்டும். கழற்றி மாட்டுகிற பல் அந்த அழுத்தத்துக்கு நிற்காது, நழுவும். அந்தப் பெரியவர் டிரம்மை அடித்தபடியே ட்ரம்பெட்டைப் பார்ப்பதை மாமா பல ஆண்டுகள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

உண்மை வெளிப்பட்டது ஒரு சவ ஊர்வலத்தில்தான். உச்சி வெயில். கல்லறைச் சாலைக்குத் திரும்பும் இடத்தில் அவர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். நீண்ட ஒரு சுரத்தின் நடுவே ஒலி உடைந்தது. உடைந்து, காற்றாய்ச் சீறியது. அப்படி ஒரு சத்தம் அவருடைய கருவியிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. கிளாரினெட்காரர் சட்டென்று அந்த இடத்தை எடுத்துக்கொண்டு வாசித்துச் சமாளித்தார். மாமா வாயைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். பைக்குள் செருகும்போது கைக்குட்டை தவறிக் கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. பின்னால் வந்த நான் எடுத்தேன்.

என் விரல்கள் ஈரமாகின. துணியின் சிவப்பைவிட அடர்ந்த சிவப்பு. மடிப்புக்குள் பட்டாணியைவிடச் சிறியதாய் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. பல் உடைந்துவிட்டதோ என்று நினைத்து நசுக்கிப் பார்த்தேன், நசுங்கியது. மெழுகு.

அன்று மாலை அவர் வீட்டில், அத்தைக்கு முன்னால், அதை மேசைமேல் வைத்தேன்.

"இது என்ன மாமா?"

"மெழுகு. தெரில? கோயில்ல தான் அவ்ளோ கொட்டிக் கெடக்குதே."

"கோயிலில் இருக்கிறது. உங்கள் வாயில் எதற்கு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அத்தை கைக்குட்டையை எடுத்து, விரித்து, வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"யோவ். நாலு வருசமா சாயம் போவுது சாயம் போவுதுன்னு, உன் ரத்தத்தையா நான் தோய்ச்சிகினு இருந்தேன்?"

அவர் வாயைத் திறந்து காட்டினார். பேண்டில் முதல் வரிசையில் நடந்த அந்த மனிதரின் ஈறுகள் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தன. முன்பற்கள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி முன்னால் சரிந்திருந்தன. இடையில் ஒரு சந்து.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பங்கு மண்டபத்தில் நடந்த இலவசப் பல் முகாமில் அவர் பல் சுத்தம் செய்துகொண்டாராம். பல்லில் படிந்திருந்த கறுத்த காரை பெரிய பெரிய துண்டாக விழுந்தது. மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் முன்பற்களுக்கு நடுவே சந்து. ஊதினால் காற்று ஒழுகியது. சுரண்டிச் சுரண்டிப் பல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தார். அதற்குப் பிறகு எந்த டாக்டரிடமும் போகவில்லை. கோயில் பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டி, இளக்கி, ஊர்வலத்துக்கு முன் அந்தச் சந்தில் அடைத்துக்கொள்ளப் பழகினார். ஒலி சுத்தமாக வந்தது. சில வேளைகளில் அதை எடுக்கவும் மறந்துபோவாராம்.

ஊர்க் கப்பல்களில் எங்காவது துருவின் மேல் பட்டிப் பசை வைத்து மறைத்திருந்தால் மேஸ்திரியோடு சண்டைக்கே போகிற மனிதர், தன் வாய்க்குள் பட்டி வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அன்று எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"பயந்துட்டேன் கண்ணு. அவ்ளோதான்" என்றார். "போனா எல்லாத்தையும் புடுங்கிடுவாங்க. அப்பால நானும் டிரம்மு அடிச்சிகினு நடப்பேன்."

அவர் பயந்தது வெறும் கற்பனை அல்ல. மறுநாள் தெருவில் இருந்த பல் மருத்துவர் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் எடுத்து செட் கட்டுவதுதான் எளிது என்றார். ஆனால் அவர் நேர்மையானவர். "ஈறு சிகிச்சைக்கென்றே தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றும் சொன்னார். மாமா முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இரண்டாம் பாதியைக் கேட்டவள் நான்.

அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவில் எங்களுக்கு வாய்த்த மருத்துவர் முப்பது வயதுகூட ஆகாத பெண். முதலில் அளந்து பேசினார். "ஐயா, வாயைத் திறங்க. எவ்வளவு நாளா இரத்தம் வருது?" என்று கேட்டபடி, நுனியில் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். ஈறுக்குள் அதை விட்டவர், ஏதோ தட்டுப்பட, கொக்கியால் கிளறி வெளியே எடுத்துப் பஞ்சில் வைத்தார். பழைய மெழுகு. பழுப்பேறி, நாற்றமடித்தது. அவருடைய அளந்த பேச்சு அத்தோடு போய்விட்டது.

"இன்னா நைனா இது? வாயா, இல்ல மெழுகுவத்தி ஏத்துற எடமா?"

மாமாவின் கண்கள் விரிந்தன. வாயில் கருவி இருந்ததால் கையைச் சுழற்றி, எந்த ஏரியா என்று கேட்டார்.

"புளியந்தோப்பு. பொறந்தது வளந்தது எல்லாம் அங்கதான். ஏன், எங்கள்ள டாக்டரு வரமாட்டாங்களா?"

கருவியை எடுத்ததும் மாமா என்னிடம் திரும்பி, "நம்ப பொண்ணுதாம்மே" என்றார். அவர் அந்த அறையில் தோள்களைத் தளர்த்தி உட்கார்ந்தது அப்போதுதான்.

மருத்துவர் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் கம்பியை விட்டு எண்களைச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டார். மூன்று, ஐந்து, ஆறு, ஏழு, ஏழு.

"இன்னாமா, காசிமேட்ல வஞ்சிரம் ஏலம் உடுற மாதிரி ஏத்திகினே போற?"

"ஏலம் இல்ல நைனா, ஆழம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை மாதிரி பள்ளம் உழுந்துகீது. மூணு மில்லிமீட்டர் வரிக்கும் பரவால்ல. உனுக்கு ஏழு போவுது. உள்ள காரை உக்காந்துகீது, அதுல கிருமி. அது எலும்பத் துன்னுகினு கெடக்குது. எலும்பு எறங்குனா பல்லு ஆடாம இன்னா பண்ணும்?"

"அதெல்லாம் சரி. நல்லா இருந்த பல்லு. சொரண்டுனதாலதான் சந்து வந்துச்சு. அத்த ஒத்துக்கோ."

மருத்துவர் வாய் திறக்குமுன் நான் திறந்தேன்.

"மாமா, என் வீட்டுக் கேட்."

அவர் என்னைப் பார்த்தார்.

"ஓட்டை அங்கேயேதான் கிடந்தது மாமா. காரையும் வீக்கமும் மூடிக்கொண்டிருந்தன. அவர்கள் காட்டினார்கள். நீங்கள் காட்டியவர்கள் மேல் கோபப்பட்டுவிட்டீர்கள்."

அந்த அறையில் வேறு நாற்காலிகளில் நோயாளிகள் இருந்தார்கள். கருவிகளின் ரீங்காரம் இருந்தது. அவர் விரல் நகத்தால் நாற்காலியின் இரும்புக் கைப்பிடியைச் சுண்டினார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, வாயைத் திறந்து, "சொரண்டுமா" என்றார்.

சிகிச்சை எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். வாயை நான்காகப் பிரித்து, நான்கு வாரம், ஒவ்வொரு பகுதியாக மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டி எடுத்தார்கள். கடைவாயில் இரண்டு பற்கள் காப்பாற்ற முடியாத நிலையில் இருந்ததால் போயின. இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரிந்தது; சர்க்கரை அடங்காவிட்டால் ஈறு ஆறாது என்றார் மருத்துவர். "பல்லக் காட்டப் போனா ஒடம்பையே கண்டுபுட்ச்சிட்டாங்கப்பா" என்று பட்டறையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். மருத்துவர் சொன்னதால், இத்தனை ஆண்டுகள் குடித்த பீடியையும் விட்டார். விட்ட வாரத்தில் அவரோடு பேசுவதே பேஜாராக இருந்தது என்று அத்தை சொல்வாள்.

போன எலும்பு முழுவதும் திரும்பி வராது என்பதை மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். "இருக்கறத நிக்க வெக்கலாம் நைனா. பாதி என் கையில, பாதி உன் கையில." சில வாரம் கழித்து மறுபடியும் ஆழம் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் பள்ளம் குறைந்திருந்தது. முன்பற்களைச் சுற்றி மட்டும் குறையவில்லை. அங்கே ஈறைத் திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, தைக்க வேண்டும். ஆடுகிற முன்பற்களைப் பின்பக்கமாக மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். அதுவரை, அதற்குப் பிறகும் மருத்துவர் சொல்லும்வரை, ட்ரம்பெட்டைத் தொடக் கூடாது.

"பெரிய வெள்ளி வருதேமா."

"வரட்டும்."

"இருவத்தி மூணு வருசமா நான்தான் வாசிக்கறேன்."

"இந்த வருசம் வாசிச்சா அடுத்த வருசத்துலேந்து டிரம்மு. இந்த வருசம் சும்மா நட. நீயே சொல்லு."

எங்கள் பங்கில் பெரிய வெள்ளி மாலை ஊர்வலம் கோயிலுக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தில் ஒரு கணம் நிற்கும். டிரம் அடங்கும். அப்போது ட்ரம்பெட் மட்டும் தனியாக ஒரு புலம்பலை வாசிக்கும். அதைக் கேட்பதற்காகவே மீன்பிடிக்கப் போகாமல் இருக்கிறவர்கள் உண்டு. அந்த ஆண்டு மாமா கறுப்பு உடை அணிந்து, முதல் வரிசையில் தன் இடத்திலேயே, வெறுங்கையோடு நடந்தார். வழியெல்லாம் முணுமுணுப்பு. "இன்னாப்பா, கையில ஒண்ணுத்தையும் காணோம்?" "பல்லு பூட்ச்சாம்." "அவ்ளோதான், மாமு கத முடிஞ்சிச்சி." அவருக்கு எல்லாம் கேட்டது. தலையைத் திருப்பவில்லை.

திருப்பம் வந்தது. டிரம் அடங்கியது. அந்தப் புலம்பலை வேறொருவருக்குக் கொடுக்க பேண்டு மாஸ்டர் மறுத்துவிட்டிருந்தார். எனவே யாரும் வாசிக்கவில்லை. அந்தப் பாட்டின் நீளம் முழுவதும் தெரு நின்றது. மெழுகுவர்த்திகள் காற்றில் சாய்ந்தன. மாமா கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். ட்ரம்பெட்டின் கட்டைகளை அழுத்துவதுபோல் வலக்கை விரல்கள் மூன்றும் இடது உள்ளங்கையின் மேல் அமுங்கி அமுங்கி எழுந்ததை, பின்னால் நின்ற நான் பார்த்தேன். விரல்கள் நின்றதும் அவர் தலையசைத்தார். டிரம் தொடங்கியது.

நான் எத்தனையோ துணிவுகளைப் பற்றி வாசித்திருக்கிறேன். வெறுங்கையோடு அந்தத் தெருவில் நடந்ததைவிடப் பெரிய துணிவை நேரில் பார்த்ததில்லை.

அவர் கையில் இருந்த பாதியை அவர் செய்த விதமே தனி. தினமும் மாலையில் மொட்டைமாடிக் குழாயருகே ஒரு சிறு கண்ணாடியை மாட்டிவைத்துக்கொண்டு, பற்களின் சந்துகளில் நுழைகிற குட்டித் தூரிகையால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வார். அரைமணி நேரம் ஆகும். எதிர்மாடியில் இருந்த கிளாரினெட்காரர் கூப்பிடுவார்.

"இன்னா மாமு, பல்லுக்குப் பெயின்ட் அடிக்கறியா?"

"சொரண்டிகினு கீறேன் தோஸ்து. பெயின்ட்ட ஆண்டவர் அடிப்பாரு."

வீக்கம் வடிந்து ஈறு சுருங்கியதும் பற்கள் நீளமாகத் தெரிந்தன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. "குதுர மாதிரி கீற" என்றாள் அத்தை. "குதுரைக்கு எல்லாம் சொந்தப் பல்லுடி" என்றார் அவர். முன்பற்களைப் பிணைத்தபோதே மருத்துவர் அந்த இடைவெளியையும் பல்நிறப் பூச்சால் அடைத்துவிட்டார். அன்று மாமா மருத்துவரிடம் கேட்டாராம்: "இது மட்டும் பட்டி இல்லியா?" மருத்துவர் சொன்னாராம்: "சொரண்டிட்டுத் தான நைனா பூசுனேன்." அந்தப் பதிலை அவர் பல மாதம் கொண்டாடினார்.

மருத்துவர் அனுமதித்த பிறகு கருவியின் வாய்ப்பகுதியை மட்டும் கழற்றி, நாளுக்கு ஐந்து நிமிடம் ஊதத் தொடங்கினார். இத்தனை ஆண்டுகள் பல்லில் அழுத்தி வாசித்தது தவறு, உதட்டால் வாசிக்க வேண்டும் என்று ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகக் கற்றுக்கொண்டார். முதல் சில வாரங்கள் எருமை கத்துவது போல் இருந்தது. தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த பெரிய வெள்ளி. திருப்பம். டிரம் அடங்கியது. அவர் ட்ரம்பெட்டை உயர்த்தினார். பழைய ஒலி அல்ல அது. முன்பிருந்த முரட்டுத்தனம் போயிருந்தது. மெலிந்து, நிதானமாக, எங்கும் உடையாமல் கடைசிவரை சென்றது. பெரிய டிரம்மை மார்பில் தாங்கியிருந்த அந்த முதியவர் அழுதுகொண்டிருந்தார். முடிந்ததும் மாமா கருவியை இடக்கைக்கு மாற்றினார். பையில் கைவிட்டார். எல்லாரும் அந்தச் சிவப்பு உதறலுக்குக் காத்திருந்தார்கள்.

வெள்ளைக் கைக்குட்டை.

ஒரே உதறலில் விரித்தார். உதடுகளை ஒற்றினார். வழக்கம்போல் மடிக்கவில்லை. விரித்தபடியே, தெருவின் மறுபக்கம் பெண்களோடு நின்ற அத்தையை நோக்கித் தூக்கிப் பிடித்தார். அதில் ஒன்றும் இல்லை. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் ஊருக்கே தொல்லையானார். பேண்டில் புதிதாகச் சேர வருகிறவனிடம், "வாசிக்கறது அப்பால. மொதல்ல வாயத் தொற" என்பார். கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்தவரின் ஈறைப் பார்த்துவிட்டு, ரசம் ஊற்றும் நேரத்தில், "ரத்தம் வருதா?" என்று கேட்டுச் சண்டை வந்திருக்கிறது. என்னையும் விடவில்லை. எனக்கும் துலக்கும்போது இரத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. அத்தனை படித்தும், வம்சம்தானே என்று சும்மா இருந்தேன். என்னையும் அத்தையையும் அதே நாற்காலிக்கு இழுத்துக்கொண்டு போனார். "வம்சத்துக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்லுது. மிச்சமெல்லாம் நாம வுட்டது கண்ணு" என்றார்.

இறந்த நாள்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய் ஆழம் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த எண்கள் எழுதிய தாள்களைப் பேண்டு உடையில் எடுத்த புகைப்படத்துக்குக் கீழே ஆணியில் குத்திவைப்பார். ஏழு ஐந்தாகி, ஐந்து மூன்றான தாள்கள்.

போன மழைக்காலத்தில், ஒரு காலைப்பொழுதில், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது. பெட்டிக்குள் அவர் கையில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டு, சட்டைப் பையில் வெள்ளைக் கைக்குட்டையை நான்காக மடித்துச் செருகினாள் அத்தை. பிறகு சுற்றி நின்ற உறவினர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க. இந்தக் குடும்பத்துல சொந்தப் பல்லோட பொட்டிக்குள்ள போற மொத ஆளு என் வூட்டுக்காரருதான்."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். செட் கட்டியவர்கள் சற்று அதிகமாகவே சிரித்தார்கள். வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி வாசலோரம் நின்றிருந்த புளியந்தோப்பு மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிக்கு அருகே வந்து, குனிந்து, தன் வேலையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பெரிய டிரம்காரர் இப்போது இல்லை. என் அம்மாவும் இல்லை. பெரிய வெள்ளித் திருப்பத்தில் கிளாரினெட்காரர் வாசிக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், ராயபுரத்திலிருந்து அத்தையும் திருவொற்றியூரிலிருந்து நானும் பேருந்தில் போய் அந்தக் கல்லூரி வாசலில் சந்தித்துக்கொள்கிறோம். நாற்காலியில் முதலில் அவள் உட்காருவாள். நான் பக்கத்தில் நின்று எண்களைக் கேட்பேன். பிறகு நான் உட்காருவேன், அவள் கேட்பாள். அந்த நாற்காலிக்குப் போன மூவரில் மிச்சம் இருப்பது நாங்கள் இருவர்.